மூன்றாம் இரவை நினைத்துத் தீர்மானியுங்கள்: வெளியூரில் பிள்ளைக்குப் பெரிய எலும்பு அறுவை சிகிச்சை

என் மகளுக்கு 14 வயதில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை நடந்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது; வளைவு 54 டிகிரி. மருத்துவமனை வீட்டிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தது. தேதி குறித்த நாளிலிருந்து நானும் என் கணவரும் பேசித் தீர்த்ததெல்லாம் அறுவை நடக்கும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான். யார் யார் வருவது, எங்கே காத்திருப்பது, யாருக்கு முதலில் தகவல் சொல்வது என்று. கடைசியில் அந்த நாள் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. அவள் மயக்கத்தில் இருந்தாள். வேலை முழுவதும் மருத்துவர்களுடையது. நாங்கள் ஐந்தரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். எங்களைப் பிழிந்தெடுத்தது மூன்றாம் இரவு. அதற்கு அடுத்தபடியாகப் பத்தாம் நாள்.

மூன்றாம் இரவு கடுமையாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. நரம்பு வழியே செலுத்திய வலுவான வலிமருந்தைக் குறைத்து மாத்திரைக்கு மாற்றுவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அந்த மருந்துகளால் குடல் மந்தமாகி வயிறு உப்பியிருக்கும். பகலில் எழுப்பி நடக்க வைத்திருப்பார்கள். அந்த வலி இரவில்தான் முழுதாகத் தெரியும். பார்க்க வந்த உறவினர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். உடன் இருப்பவரோ மூன்று இரவுகளாகச் சரியாகக் கண் மூடியிருக்க மாட்டார். பத்தாம் நாளின் கடுமை வேறு வகை. அப்போது மருத்துவமனையை விட்டு வந்திருப்போம். அழைப்பு மணியை அழுத்தினால் ஓடி வரச் செவிலியர் இல்லை. காயம் ஆறுகிறதா என்று நாமே பார்க்க வேண்டும். பிள்ளைக்கோ வலி குறைந்து, அந்த இடத்தில் சோர்வும் மனக்கசப்பும் வந்து உட்கார்ந்திருக்கும்.

வெளியூருக்குப் போகும் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவுகள் பல. அவை ஒவ்வொன்றையும் இந்த இரண்டு நாட்களின் மீது வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். முதுகெலும்பு அறுவைதான் எனக்கு நேரடியாகத் தெரிந்தது. இடுப்பு மூட்டுக் கிண்ண எலும்பை வெட்டித் திருப்பி வைப்பது, கால் எலும்பை நீட்டுவது போன்றவற்றில் எங்கே கணக்கு மாறும் என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

அருகிலா, தொலைவிலா

முதல் கேள்வியே, வெளியூர் போகத்தான் வேண்டுமா என்பது. எளிய எலும்பு முறிவுக்கோ, முன்பு எலும்பில் பொருத்திய உலோகத் தகட்டையும் திருகையும் அகற்றுவதற்கோ தொலைதூரம் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே கிடைக்கும் சிறு கூடுதல் நன்மையைப் பயணமும் தனிமையும் தின்றுவிடும். திரும்ப மாற்ற முடியாத பெரிய அறுவைகள் வேறு. முதுகெலும்பு இணைப்பு அறுவையில் பல முள்ளெலும்புகளில் திருகுகளைப் பதித்து, உலோகத் தண்டுகளால் நிமிர்த்தி, அவை ஒன்றோடொன்று ஒட்டி வளரும்படி செய்கிறார்கள். திருகு போகும் பாதைக்குப் பக்கத்திலேயே தண்டுவடம் ஓடுகிறது. இதை வாரம் தோறும் செய்யும் கைக்கும் ஆண்டுக்கு ஓரிரு முறை செய்யும் கைக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

ஆகவே இரண்டு இடங்களிலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதே அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? அறுவையின்போது தண்டுவடத்தின் நரம்புச் சைகைகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் கருவியும் அதற்கென்று ஆளும் உண்டா? குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? இரவில் வலி மிகுந்தால் யாரை அழைப்பார்கள்? கடைசிக் கேள்விதான் மூன்றாம் இரவின் கேள்வி. அதற்குத் தெளிவான பதில் கொடுத்த இடத்தைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்பதற்கு முன் ஒரு விளக்கம். முதுகு வளைவை எக்ஸ்ரேயில் அளக்கும் முறையை ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் வகுத்தார். இன்றும் அதே முறைதான். 10 டிகிரிக்கு மேல் இருந்தால் வளைவு என்று பெயர். வளரும் பிள்ளைக்கு 45 முதல் 50 டிகிரியைத் தாண்டும்போது அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஒரே எக்ஸ்ரேயை இரண்டு மருத்துவர்கள் அளந்தால் சில டிகிரி வேறுபடுவது இயல்பு. அந்த வேறுபாட்டை வைத்து ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அருகுக்கும் தொலைவுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: அறுவை தொலைவில், பின்கவனிப்பு அருகில். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வேறொருவர் தைத்த காயத்தைத் தொட மருத்துவர்கள் பலர் தயங்குவார்கள். காயத்தில் கசிவு கண்டபிறகு ஊரில் மருத்துவர் தேடுவது பெரிய வேதனை. இந்த வழியில் போவதானால் உள்ளூர் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, அவர் பெயரை அறுவை மருத்துவரிடம் கொடுத்து, இருவரும் ஒருமுறையாவது தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அது நடக்காவிட்டால் இந்த வழி இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கால் எலும்பை நீட்டும் சிகிச்சையில் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ் உருவாக்கிய வளையச் சட்ட முறையில், காலைச் சுற்றி வெளியே வளையங்களைப் பொருத்தி, அவற்றைக் கம்பிகளால் எலும்போடு இணைத்து, எலும்பை வெட்டி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற அளவில், பெரும்பாலும் நான்கு முறையாகப் பிரித்து, மெல்ல மெல்ல விலக்குகிறார்கள். 5 சென்டிமீட்டர் நீட்ட 50 நாள் ஆகும். புதிய எலும்பு இறுகிக் கெட்டிப்பட அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். சட்டம் காலில் இருக்கப்போவது மாதக்கணக்கில். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற உயரம் தாண்டும் வீரர் வலேரி புரூமெல், மோட்டார் சைக்கிள் விபத்தில் நொறுங்கிய காலுக்காகப் பல அறுவைகள் செய்தும் பயனின்றி, 1968-இல் இந்த இலிசாரோவைத் தேடித்தான் அவ்வளவு தூரம் போனார். இத்தகைய சிகிச்சையில் தொலைவு என்பது ஒரு பயணத்தோடு முடிவதில்லை. நீட்டும் காலம் முழுவதும் ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கம்பி நுழையும் இடங்களை நாள்தோறும் துடைத்துப் பராமரிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் அந்தக் காலம் முழுவதும் மருத்துவமனை அருகே குடியேற முடியாவிட்டால், சற்று அனுபவம் குறைந்த, ஆனால் அடிக்கடி போய்வரக்கூடிய மருத்துவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

யார் உடன் இருப்பது

இதைப் பற்றி நீளமாகப் பேச வேண்டும். ஏனென்றால் நாங்கள் தவறாகத் தொடங்கியது இங்கேதான்.

பிள்ளையின் கட்டிலருகே பெற்றோர் இருப்பது ஒரு காலத்தில் இயல்பான ஒன்றாக இருக்கவில்லை. பல நாடுகளில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பிரிட்டனில் 1959-இல் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது; அதன்பிறகே அங்கே மெல்ல மாற்றம் வந்தது. இப்போது உடன் தங்குவது நம் உரிமை போல ஆகிவிட்டதால், யார் தங்குவது என்று யோசிக்காமலேயே அம்மாதான் என்று எழுதிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன்.

முதல் வழி, ஒரே ஆள் முழுவதும் இருப்பது. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு: எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை, எந்த மருத்துவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் ஒரே தலையில் இருக்கும். ஆனால் மூன்றாம் இரவில் அந்தத் தலை வேலை செய்யாது. முதுகு அறுவை முடிந்த பிள்ளையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, உடல் முறுகாமல், மரக்கட்டையைப் புரட்டுவது போல ஒரே வீச்சில் திருப்பிவிட வேண்டும். செவிலியர் செய்வார்கள், ஆனாலும் நீங்களும் எழுந்து பிடிக்க வேண்டியிருக்கும். இடையிடையே நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கால்விரல் அசைகிறதா என்று பார்க்க வருவார்கள். இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிந்தால் அது நல்ல இரவு.

இரண்டாம் வழி, பெற்றோர் இருவரும் ஒன்றாக இருப்பது. பார்க்க ஆறுதலாக இருக்கும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே நேரத்தில் களைத்துப்போவார்கள். வீட்டில் இளைய பிள்ளை இருந்தால் அதன் பொறுப்பும் அந்தரத்தில் தொங்கும்.

மூன்றாம் வழி, முறைவைத்து மாறுவது. ஒருவர் பகல், ஒருவர் இரவு. இதற்கு ஒரு நோட்டுப்புத்தகம் வேண்டும்; நேரம், மருந்து, வலி பத்துக்கு எத்தனை, சாப்பிட்டது, மலம் கழித்தது, மருத்துவர் சொன்னது எல்லாம் அதில் ஏற வேண்டும். வாயால் சொல்லி ஒப்படைத்தால் பாதி மறந்துபோகும். நோட்டுப்புத்தகத்தோடு கூடிய இந்த மூன்றாம் வழியே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். ஒற்றைப் பெற்றோராக இருந்தாலும், மூன்றாம் இரவுக்கும் நான்காம் இரவுக்கும் மட்டுமாவது அத்தையோ மாமாவோ பெரியம்மாவோ வந்து நிற்க முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுவை நாளன்று வருகிறேன் என்பவர்களிடம், “அன்று வேண்டாம், மூன்றாம் நாள் வாருங்கள்” என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

இரவு யார், பகல் யார் என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். நாங்கள் கேட்டபோது என் மகள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இரவில் அப்பா இருக்கட்டும். நீ இருந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அழ முடியாது” என்றாள். குளிப்பாட்டவும் சிறுநீர்க் குழாய் எடுக்கும் நேரத்துக்கும் மட்டும் நான் வேண்டும் என்றாள். கேட்டபோது எனக்கு வலித்தது. நடந்தபோது அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. இந்த வயதுப் பிள்ளைக்கு உடம்பை மறைப்பது, வலியைக் காட்டுவது, யார் முன்னால் உடைந்துபோவது என்பதெல்லாம் பெரிய காரியங்கள். நாம் ஊகித்துச் சரியாகச் சொல்லிவிட முடியாது. பெண் பிள்ளையானால் மாதவிடாய் எதிர்பாராத நாளில் வந்துவிடக்கூடும். அதற்கு வேண்டியவை பையில் இருக்கட்டும், யார் உதவுவது என்றும் அவளிடமே கேட்டுவிடுங்கள்.

உடன் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒன்றை மீறக் கூடாது. சில மருத்துவமனைகளில் வலி வரும்போது பிள்ளையே பொத்தானை அழுத்தி மருந்தைச் செலுத்திக்கொள்ளும் பம்ப் வைப்பார்கள். அந்தப் பொத்தானைப் பிள்ளை மட்டுமே அழுத்த வேண்டும். தூங்கும் பிள்ளை முனகுகிறதே என்று நாம் அழுத்தினால், தேவைக்கு மேல் மருந்து ஏறி மூச்சு மந்தப்படும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும் பிள்ளை மட்டுமே அழுத்தும் என்பதுதான் அந்தக் கருவியின் பாதுகாப்பே. இரவில் தங்க வரும் உறவினருக்கு இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

எங்கே தங்குவது

வார்டில் ஒருவர் தங்கினாலும் மற்றவருக்கு இடம் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனபின் பிள்ளைக்கும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தேவையாக நினைத்து ஒரே அறையை எடுத்ததுதான் எங்கள் பிழை.

உறவினர் வீடு என்றால் செலவு குறையும், சமையல் கிடைக்கும். ஆனால் பத்தாம் நாளில் வைத்துப் பாருங்கள்: கழிப்பறை எத்தனை அடி தூரம், கைப்பிடி உண்டா, பிள்ளை பகல் இரண்டு மணிக்கு வாய்விட்டு அழுதால் அந்த வீட்டில் யார் சங்கடப்படுவார்கள்? வலியில் இருக்கும் பிள்ளை விருந்தாளியாக நடந்துகொள்ள வேண்டியிருப்பது கொடுமை. மனத்துக்கு மிக நெருங்கிய வீடு தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தங்கும் விடுதியில் தனிமை உண்டு, சமையலறை இராது, மெத்தை பெரும்பாலும் மிகத் தாழ்வாகவும் மிருதுவாகவும் இருக்கும். முதுகோ இடுப்போ அறுக்கப்பட்டவருக்குத் தாழ்ந்த மெத்தையிலிருந்து எழுவதே பெரும்பாடு. மருத்துவமனையை ஒட்டிக் குடும்பங்களுக்கென்று நடத்தப்படும் இல்லங்கள் சில ஊர்களில் உண்டு. ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் இந்த வகையில் முதன்முதலில் 1974-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கி, பின் பல நாடுகளுக்குப் பரவியது. இத்தகைய இல்லத்தில் கிடைக்கும் பெரிய நன்மை, அடுத்த அறையில் இதே வழியில் நான்கு நாள் முன்னால் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பம் இருப்பது. இடம் கிடைப்பது அரிது என்பதால் தேதி குறித்த அன்றே மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

சில வாரங்களுக்கு எடுக்கும் வாடகை வீடுதான் மற்றொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தங்குவதானால் இதுவே மேல். நாங்கள் எடுத்த அறைக்கு ஏழு படிகள்; வாசலில் மட்டும் ஏழு படிகள்தானே என்று இருந்துவிட்டோம். முதுகு அறுவையானவர் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தபடி படி ஏறிவிடுவார். இடுப்பு அறுவையில் அப்படியில்லை. ஆறு வாரமோ அதற்கு மேலுமோ அறுவை நடந்த பக்கத்துக் காலில் முழுப் பாரத்தை வைக்காமல் ஊன்றுகோலில்தான் நடக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஏழு படி என்பது ஏழு முறை அச்சம். முன்பணம் கொடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் வாசல், கழிப்பறை, கட்டில் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உடனே வீடா, இரண்டு வாரம் கழித்தா

முதுகு அறுவைக்குப்பின் டிஸ்சார்ஜ் இப்போதெல்லாம் பல இடங்களில் மூன்று முதல் ஐந்து நாட்களில் நடக்கிறது. அன்றே வண்டி ஏறிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வீட்டுக் கட்டில், வீட்டுக் கழிப்பறை, நண்பர்கள், தம்பி, நாய்க்குட்டி. இவை மருந்துக்கு நிகர் என்பதை மறுக்க மாட்டேன். பயண நேரம் இரண்டு மூன்று மணிக்குள் இருந்து, மருத்துவரும் சம்மதித்தால் உடனே போவதே நல்லது.

அதற்கு மேல் தொலைவென்றால் நான் தங்கத்தான் சொல்வேன். டிஸ்சார்ஜுக்கு அடுத்த வாரம்தான் மருந்தளவு சரியாக அமையும் வாரம். வலுவான மாத்திரைகளைக் குறைத்துக்கொண்டே வரும்போது எங்கோ ஓரிடத்தில் குறைப்பு அதிகமாகிவிடும், வலி திரும்பும், தொலைபேசியில் கேட்டு மாற்ற வேண்டியிருக்கும். மலச்சிக்கலும் இந்த வாரத்தின் பெரிய வில்லன். மலமிளக்கியை வலிமாத்திரையோடு சேர்த்தே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள், நான்கு நாள் பொறுத்துப் பார்க்காதீர்கள். காயத்தில் தொற்று வருவதானாலும் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் தலைகாட்டும்: குறையாத காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, புதிதாகத் தொடங்கும் கசிவு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காலில் புதிதாக வலுக்குறைவு தெரிந்தாலோ அது காத்திருக்கும் காரியமே இல்லை. இவற்றில் எது நேர்ந்தாலும், அறுவை செய்தவர் அரை மணி நேரத் தொலைவில் இருப்பதற்கு ஈடு எதுவும் கிடையாது.

தங்குவதன் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாம் நாளில் என் மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, இதை ஏன் செய்தீர்கள் என்று கேட்டாள். இணைப்பு அறுவையின்போது அவள் உயரம் 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. முன்பு அதைக் கேட்டுத் துள்ளியவள், அன்று அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. இந்த மனச்சோர்வு பலருக்கு வருகிறது, மருத்துவக் குழு இதை எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். அறைக்குள் அடைந்து கிடக்காமல் நாளுக்கு இரண்டு நடை, காலையில் உடை மாற்றுவது, மாலையில் நண்பர்களோடு காணொளி அழைப்பு என்று ஒரு சட்டகம் இருந்தபோதுதான் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். இரண்டு வாரம் கடந்தும் பிள்ளை பேசாமல், உண்ணாமல், தூங்காமல் இருந்தால் அறுவை மருத்துவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

தையல் பிரிக்க வேண்டுமா, தானே கரையும் தையலா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தானே கரைவதானால், தங்கும் நாளைப் பத்தாகக் குறைக்கவும் இடமுண்டு.

எந்தப் பருவத்தில் செய்வது என்ற கேள்விக்கு நீண்ட விடுமுறையே என்று உடனே சொல்லத் தோன்றும். வளைவு அறுவை பெரும்பாலும் அவசரச் சிகிச்சை இல்லை என்பதால், சில வாரம் தள்ளலாமா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குத் தள்ளிப்போடுவது வளைவைக் கூட்டக்கூடும். அங்கே பள்ளித் தேர்வை விட்டுவிட்டு அறுவையைச் செய்வதே சரி. பள்ளிக்குத் திரும்ப மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதன்பிறகும் புத்தகப்பை தூக்கக் கூடாது. பள்ளியில் ஒரு செட், வீட்டில் ஒரு செட் என்று பாடநூல்களை வைத்துவிடுங்கள்.

திரும்பும் பயணம்

கார் என்றால் நிறுத்தி இறங்கி நடக்கலாம், சாய்ந்துகொள்ளலாம். மேடுபள்ளம் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். ரயிலில் படுக்கை உண்டு, ஆனால் கீழ்ப்படுக்கை உறுதியாகாமல் ஏறக் கூடாது. கழிப்பறைக்குப் போகும்போது பெட்டி குலுங்குவதுதான் அபாயம். விமானம் வேகமானது, ஆயினும் பல நிறுவனங்கள் பெரிய அறுவைக்குப்பின் மருத்துவச் சான்று கேட்கும். காலில் புதிதாக மாவுக்கட்டுப் போட்டிருந்தால் வேறொரு கட்டுப்பாடும் உண்டு: பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அறிவுரைப்படி இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட பயணத்துக்கு 24 மணி நேரமும், அதற்கு மேற்பட்டதற்கு 48 மணி நேரமும் காத்திருக்க வேண்டும், கட்டுக்குள் வீக்கம் வந்து இறுகும் என்பதால். உங்கள் விமான நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உலோகம் பதித்திருப்பதாக மருத்துவர் கொடுக்கும் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள்.

நாங்கள் பதினாறாம் நாள் காரில் திரும்பினோம். என் மகள் மூன்று வழிகளையும் கேட்டுவிட்டு, நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்ல முடியும் என்பதற்காகவே காரைத் தேர்ந்தெடுத்தாள். புறப்படுவதற்கு முக்கால் மணி முன் வலிமாத்திரை, இடுப்புக்குப் பின்னால் சிறிய தலையணை, மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிட நடை. இரவுப் பயணத்தை விடுத்து, வழியில் ஓரிடத்தில் தங்கி, இரண்டு பகல்களாகப் பிரித்துக்கொண்டோம். முதல் நாள் ஒன்பது முறை நிறுத்தச் சொன்னாள். இரண்டாம் நாள் நான்கு முறை.